காடையைக் கண்டால் கல்லாய் நிற்கும் நாய்கள்

லயத்து நாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்பனைக் காட்டின் ஓரத்தில் ஒரு காட்டுக்கோழி தலையைத் தூக்கினால் போதும், நம் கருப்பனோ மணியோ வாலைச் சுருட்டிக்கொண்டு பாயும். கோழி பறந்துவிடும். நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, ஏதோ சாதித்ததைப்போல் நம் முகத்தைப் பார்க்கும்.

ஆனால் பறவையின் வாசனை மூக்கில் ஏறிய அந்தக் கணத்திலேயே, ஓடிக்கொண்டிருந்த ஓட்டத்தை அப்படியே நிறுத்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, வால் நிமிர்ந்து, கல்லில் செதுக்கிய சிலையைப்போல் நிற்கும் நாயை நீங்கள் பார்த்ததுண்டா? ஐந்து நிமிடமானாலும் அசையாது. பத்து நிமிடமானாலும் அசையாது. "ஐயா, நீங்கள் தேடும் பறவை இந்தப் புதரில்தான் இருக்கிறது, மெதுவாக வாருங்கள்" என்று வாய் திறக்காமல் சொல்லும் நாய் அது.

அப்படிப்பட்ட நாய்களையும், அவற்றோடு போகும் துப்பாக்கிகளையும், இரண்டுக்கும் நடுவே நடந்து போகும் மனிதர்களையும் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் தாத்தா இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தோட்டவேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் துரை இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நெல்வயல் பக்கம் உள்ளான் சுடப் போவார். அந்தக் காலத்துத் துரைமார்களுக்கு அது பெரிய பொழுதுபோக்கு. துரையிடம் ஒரு நாயும் இருந்தது. ஆனால் அந்த மகராசன் பங்களா வராந்தாவை விட்டு இறங்க மாட்டாராம்! ஆகவே சுட்டு விழுந்த பறவையை முழங்கால் சேற்றில் இறங்கித் தேடி எடுத்து வருவது தாத்தாவின் வேலை. "நாய்க்கு வைத்த வேலையை எனக்கு வைத்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பங்களாச் சுவரில் துரை நிற்கும் படம் ஒன்று இருந்ததாம். துப்பாக்கி இருந்தது, வரிசையாக அடுக்கிய பறவைகள் இருந்தன, நாயும் இருந்தது. தாத்தா இல்லை.

அங்கேயும் தோட்டம்தான்

இந்த வேட்டைக்குப் பேர்போன இடம் ஒன்று அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் தாமஸ்வில் நகரத்துக்கும் ஃபுளோரிடா மாநிலத்தின் தலைநகரான டாலஹாசிக்கும் இடையே செம்மண் மேடுகள் பரந்து கிடக்கின்றன. உயரமான பைன் மரங்கள், அடியில் முழங்காலளவு புல். அங்குள்ள பெரிய நிலங்களை அவர்களும் 'பிளாண்டேஷன்' என்றுதான் சொல்கிறார்கள். நம் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த அதே சொல்!

ஒரு காலத்தில் அவை பருத்தித் தோட்டங்கள். கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய நிலங்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், பருத்தி முதலாளிகள் நொடித்துப் போனார்கள். அந்தச் சமயத்தில் வடக்கே இரும்பிலும் எண்ணெயிலும் ரயிலிலும் பணம் குவித்த செல்வர்கள், குளிர்காலத்தைக் கழிக்க ரயிலேறித் தாமஸ்வில்லுக்கு வந்தார்கள். வந்தவர்கள் அங்கே காடைகள் கூட்டம் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்தார்கள். பழைய பருத்தித் தோட்டங்களை ஒவ்வொன்றாக வாங்கி வேட்டைத் தோட்டங்களாக மாற்றிவிட்டார்கள். 1950களில் அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவரே, தம் நிதியமைச்சர் ஜார்ஜ் ஹம்ஃப்ரியின் தோட்டத்துக்குக் காடை சுட வந்து போனவர்தான்.

முதலாளிகள் மாறினார்கள். நிலத்தில் இருந்த கறுப்பின மக்கள் பெரும்பாலும் அங்கேயே தங்கினார்கள். கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு வாங்கிப் பயிர் செய்தார்கள். குளிர்காலத்தில் வேட்டைக்காரர்களின் வண்டி ஓட்டினார்கள், குதிரை பார்த்தார்கள், நாய் பழக்கினார்கள்.

உள்ளங்கை அளவுப் பறவை

அந்தக் காடைக்குப் பாப்-ஒயிட் என்று பெயர். வசந்தகாலத்தில் ஆண்பறவை 'பாப்... ஒயிட்!' என்று தன் பெயரைத் தானே சொல்லிக் கூவும். எடை என்ன தெரியுமா? 170 கிராம்கூட வராது. சந்தையில் வாங்கினால் ஒரு ஆளுக்கு இரண்டு வேண்டும்.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. குளிர்காலத்தில் பத்துப் பதினைந்து காடைகள் சேர்ந்து ஒரு கூட்டமாக வாழும். இரவில் வால்களை உள்பக்கமும் தலைகளை வெளிப்பக்கமும் வைத்து, வட்டமாக நெருக்கி உட்கார்ந்துகொள்ளும். உடம்புச் சூடும் காப்பாற்றப்படும், எந்தத் திசையிலிருந்து பகை வந்தாலும் ஒரு கண் பார்த்துவிடும். ஆபத்து என்று தெரிந்தால் முதலில் ஓடாது. மண்ணோடு மண்ணாகப் பதுங்கிவிடும். மிக அருகில் கால் வைத்த பிறகுதான் 'புர்ர்ர்' என்று பதினைந்தும் ஒரே நேரத்தில் பதினைந்து திசையில் வெடித்துக் கிளம்பும். பழகாத ஆள் திடுக்கிட்டுத் துப்பாக்கியைத் தூக்க மறந்துவிடுவான்.

பதுங்கும் இந்தக் குணத்தை நம்பித்தான் அந்த நாய்களின் வித்தை முழுவதும் இருக்கிறது. காடை பதுங்காமல் ஓடினால், கல்லாய் நிற்கும் நாயால் ஒரு பயனும் இல்லை. வடக்கே தெற்கு டகோட்டா மாநிலத்தில் பெசன்ட் என்ற நீண்ட வால் பறவையைச் சுடுகிறார்கள். ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட பறவை அது. அந்தக் கள்ளன் பதுங்க மாட்டான். சோளக்கொல்லைக்குள் காலாலேயே ஓடிவிடுவான். அவனுக்கு விரட்டிக் கிளப்பும் ஸ்பானியலும் லாப்ரடாரும்தான் சரி.

பாயிண்டரும் செட்டரும்

காடை வேட்டையில் பெரிய பெயர் இரண்டு. ஒன்று பாயிண்டர், மற்றது செட்டர்.

பாயிண்டர் குட்டைமயிர் நாய். வெள்ளை உடம்பில் ஈரல் நிறத்திலோ, ஆரஞ்சு நிறத்திலோ, கறுப்பாகவோ திட்டுகள் இருக்கும். மெலிந்த இடுப்பு, அகன்ற மூக்குத்துளை, நாள் முழுவதும் ஓடினாலும் சலிக்காத கால்கள். வெப்பத்தைத் தாங்கும். முள்செடிக்குள் புகுந்து வந்தாலும் மயிரில் ஒட்டுப்புல் ஒட்டாது. சுட்டிக்காட்டுவதால் பாயிண்டர்.

செட்டர் நீண்ட பட்டுமயிர் உடையது. காதிலும் வாலிலும் கால்களிலும் குஞ்சம் கட்டியதுபோல் மயிர் தொங்கும். அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பறக்கும் பறவையைச் சுடத்தக்க துப்பாக்கிகள் வருவதற்கு முன்னால், ஐரோப்பாவில் வலை வீசித்தான் இப்பறவைகளைப் பிடித்தார்கள். நாய் பறவைக்கூட்டத்தைக் கண்டதும் தரையோடு தரையாகப் படுத்துவிடும். இரண்டு பேர் வலையை விரித்து இழுத்துக்கொண்டு வந்து, நாயையும் சேர்த்துப் பறவைகள்மேல் போர்த்திவிடுவார்கள்! அப்படிப் படுத்து அமர்வதால் வந்த பெயர் செட்டர். இன்றைக்கும் சில செட்டர்கள் பறவையை மோப்பம் பிடித்தால் சற்றே குனிந்து நிற்பதைக் காணலாம்.

இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் அங்கே சண்டை வந்துவிடும். நம் ஊரில் எம்.ஜி.ஆர். ரசிகர்களும் சிவாஜி ரசிகர்களும் கட்டிப் புரண்ட கதைதான். டென்னஸி மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஏம்ஸ் தோட்டம் என்று ஒன்று உண்டு. பறவை நாய்களுக்கான தேசிய வாகையர் போட்டி அங்கேதான் பிப்ரவரி மாதத்தில் நடந்து வருகிறது. முதல் போட்டி வேறோர் ஊரில் 1896இல் நடந்தது. ஒவ்வொரு நாயும் மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். நடுவர்கள் குதிரைமேல் பின்தொடர்வார்கள். பறவையைக் கொல்வதில்லை, நாய் கூட்டத்தைக் கண்டுபிடித்து நின்றதும், பறவையைக் கிளப்பிவிட்டு வெற்றுவெடி வெடிப்பார்கள். அந்த ஓசைக்கும் நாய் அசையக் கூடாது. ஓரடி பாய்ந்தாலும் போச்சு.

தொடக்ககாலத்தில் செட்டர்கள் வென்றன. பிறகு பாயிண்டர்களின் ஆட்சி. 1970இல் ஜானி கிராக்கெட் என்ற செட்டர் வென்றது. அதன்பின் ஓர் ஆண்டா, இரண்டாண்டா? நாற்பத்து மூன்று ஆண்டுகள் எந்தச் செட்டருக்கும் பட்டம் கிடைக்கவில்லை. செட்டர் வளர்ப்பவர்கள் தலைகுனிந்தே நடந்தார்கள். 2013இல் ஷேடோ ஓக் போ என்ற செட்டர் வாகை சூடியது. "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்று பாயிண்டர்காரர்கள் முணுமுணுத்திருப்பார்கள். அடுத்த ஆண்டும் அதே நாய் வென்று அவர்கள் வாயை அடைத்துவிட்டது!

பெரிய தோட்டமும் குதிரையும் இல்லாத சாதாரண அமெரிக்கனுக்கு வேறு நாய்கள் இருக்கின்றன. பிரான்ஸ் நாட்டின் பிரிட்டனி நாய் உருவத்தில் சிறியது. அதிக தூரம் ஓடாமல், நடந்து போகும் எஜமானின் கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே தேடும். ஜெர்மன் ஷார்ட்ஹேர் பாயிண்டர் சுட்டிக்காட்டவும் செய்யும், விழுந்ததைக் கவ்வி வரவும் செய்யும், தண்ணீரிலும் இறங்கும். ஆலையில் வேலை பார்க்கும் ஒருவன் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் வேட்டைக்குப் போகிறான் என்றால், வீட்டில் பிள்ளைகளோடு விளையாடவும் காட்டில் வேலை செய்யவும் ஒரே நாய் போதும் அல்லவா? என்னைக் கேட்டால், பட்டம் வாங்கும் நாயைவிட இந்த நாய்தான் எனக்குப் பிடிக்கும்.

ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்

வேட்டைநாள் எப்படி இருக்கும்? காலைப்பனி காய்ந்ததும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி கிளம்பும். வண்டியின் இருக்கைகளுக்குக் கீழே நாய்ப் பெட்டிகள். எல்லா நாயையும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள். இரண்டு இரண்டாக விடுவார்கள். அவை களைத்ததும் பெட்டியில் ஏற்றிவிட்டு அடுத்த இரண்டு. இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு லாப்ரடாரோ காக்கர் ஸ்பானியலோ உண்டு. சுட்டு விழுந்ததைத் தேடி எடுத்து வருவது அதன் வேலை. (தாத்தாவை நினைத்துக்கொண்டேன்!)

நாய்கள் காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஓடும். ஒன்று வாசனை பிடித்து நிற்கும். அதன் வால் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி முள்ளைப்போல் நேராக நிற்கும். அப்போது தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாவது நாய் என்ன செய்யும் என்கிறீர்கள்? அதற்கு வாசனை தெரியாது. பறவை எங்கே என்றும் தெரியாது. ஆனால் தன் கூட்டாளி நிற்பதைப் பார்த்த இடத்திலேயே தானும் சிலையாக நின்றுவிடும். கூட்டாளியின் மூக்கை நம்பி நிற்பது அது. இந்த மரியாதை தெரியாத நாயை எவ்வளவு வேகம் இருந்தாலும் அங்கே யாரும் மதிப்பதில்லை.

இந்த வித்தை பாதி இரத்தத்தில் வருவது. எந்த வேட்டை மிருகமும் பாய்வதற்கு முன் ஒரு கணம் அசையாமல் நிற்கும். நம் வீட்டுப் பூனை எலியைப் பார்த்து நிற்பதில்லையா? அந்த ஒரு கணத்தைப் பல தலைமுறை தேர்ந்தெடுத்து இனம்பெருக்கி நிமிடக்கணக்காக நீட்டிவிட்டார்கள். தூண்டில் நூலில் ஒரு காடைச் சிறகைக் கட்டி ஆட்டினால், இரண்டு மாதக் குட்டிகூடக் காலைத் தூக்கி நிற்கும்.

மீதிப் பாதி பழக்கத்தில் வருவது. இங்கே உங்கள் வீட்டு நாய்க்கும் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. வெடியோசைக்கு அஞ்சிய நாய் வேட்டைக்கு உதவாது. ஆகவே குட்டி உற்சாகமாகப் பறவையை விரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், வெகு தூரத்தில் சிறிய வெற்றுவெடி ஒன்று. குட்டி கவனிக்கவில்லையா? இன்னொரு நாள் கொஞ்சம் கிட்டத்தில். இப்படி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நெருங்குவார்கள். பயந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. தீபாவளிப் பட்டாசுக்குக் கட்டிலுக்கடியில் நுழைந்து நடுங்கும் நாய்கள் எத்தனையோ. குட்டியாக இருக்கும்போதே சாப்பாட்டு நேரத்தில் தூரத்து ஓசைகளைப் பழக்கினால் அந்த நடுக்கம் பெருமளவு குறையும். ஒரே நாளில் காதோரம் சரவெடி வெடித்துப் 'பயம் தெளிய' வைக்கிறேன் என்று கிளம்பும் இளைஞர்களை வீட்டுப் பெரியவர்கள் தடுக்க வேண்டும். அப்படிக் கெட்ட நாய் மறுபடி தேறுவது அரிது.

12 என்றால் என்ன?

தாத்தா கொண்டுவந்த வெற்றுத் தோட்டாக்கள் இரண்டு வெகுகாலம் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தன. காகிதக்கூடு இற்றுப்போய்ப் பித்தளை அடி மட்டும் மிச்சம். அதில் 12 என்று பொறித்திருக்கும். அது தாத்தாவின் பேர்ப்பதிவு எண் என்று நாங்கள் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தோம்!

அது குழாயின் அளவு. ஒரு இறாத்தல் ஈயத்தை, அதாவது 454 கிராமை, பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், ஒரு உருண்டை எந்தக் குழாயில் சரியாகப் பொருந்துமோ அது 12ஆம் எண் குழாய். குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டையாக உருட்டினால் 20ஆம் எண், 15.6 மில்லிமீட்டர். இறால் வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 20 என்றால் பெரிய இறால், கிலோவுக்கு 60 என்றால் பொடி. எண் கூடக் கூடப் பொருள் சிறிது. இங்கும் அதே கணக்குத்தான்.

காடைக்குப் பெரிய துப்பாக்கி தேவையில்லை. 20ஆம் எண், அல்லது அதனினும் சிறிய 28ஆம் எண் போதும். நாள் முழுவதும் கையில் சுமந்து நடக்க வேண்டியது அல்லவா, மூன்று கிலோவுக்குள் இருந்தால் தோள் வாழ்த்தும். தோட்டாவுக்குள் ஒரே குண்டு இருக்காது. கடுகைவிடச் சற்றுப் பெரிய ரவைகள், 8ஆம் எண் என்றால் ஒவ்வொன்றும் 2.3 மில்லிமீட்டர், முந்நூறுக்கு மேல் இருக்கும். குழாயின் வாய் சற்றுக் குறுகியிருந்தால் ரவை சேர்ந்து தூரம் போகும். திறந்திருந்தால் கிட்டத்திலேயே விரியும். காடை கிளம்புவது காலடியிலிருந்து. ஆகவே திறந்த வாய்க் குழாயே அதற்கு ஏற்றது.

இரட்டைக்குழலில் இரண்டு வகை. குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பழைய வகை. அமெரிக்காவில் பார்க்கர் துப்பாக்கிக்கு இருந்த மதிப்பே தனி. அந்தக் கம்பெனி 1934இல் ரெமிங்டனுக்கு விற்கப்பட்டது. ஏ.எச்.ஃபாக்ஸ் துப்பாக்கி ஒன்றை முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துப் போனார். 2010இல் அதே துப்பாக்கி ஏலத்தில் 8 லட்சத்து 62 ஆயிரத்து 500 அமெரிக்க டாலருக்குப் போனது. ஒரு லயத்தையே கல்வீடாகக் கட்டிக் கொடுக்கலாம்! ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாய் வைத்தது மற்றொரு வகை. ஜான் பிரவுனிங் என்ற மேதை கடைசியாக வரைந்த சூப்பர்போஸ்ட் துப்பாக்கியால்தான் அது அமெரிக்காவில் பரவியது. அவர் 1926இல் இறந்தார். துப்பாக்கி கடைக்கு வந்தது 1931இல். அவரே முன்னால் செய்த ஆட்டோ-5 என்ற தானியங்கியைக் கூன்முதுகு என்று செல்லமாகச் சொல்வார்கள்; அது 1998 வரை தயாரிப்பில் இருந்தது.

ஆனால் நாய்க்காரர்களுக்குப் பிடித்தது இரட்டைக்குழல்தான். அழகுக்காக மட்டும் அல்ல. அதை நடுவில் மடக்கித் திறந்து கையில் தொங்கவிட்டால், நூறடி தூரத்தில் நிற்பவனுக்குக்கூட 'இது இப்போது வெடிக்காது' என்று தெரியும். தானியங்கியைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

20ஆம் எண் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஏன் தெரியுமா? அது தவறி 12ஆம் எண் குழாய்க்குள் போனால், அடியில் நிற்காமல் வழுக்கி நடுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12ஆம் எண் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால், குழாய் பிளந்து பிடித்திருக்கும் கையைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் அந்த மஞ்சள்.

துப்பாக்கிக்கு முன்னால் நடப்பவர்

நாய் நின்றுவிட்டது. இனி என்ன? பறவையை யாராவது கிளப்ப வேண்டும். விருந்தாளிகள் இருவர் வண்டியிலிருந்து இறங்கி, ஒருவர் வலப்புறம், ஒருவர் இடப்புறம் நிற்பார்கள். அவர்கள் இருவருக்கும் நடுவில், நாயைத் தாண்டி, கையில் ஒரு குச்சியோடு புதரைத் தட்டிக்கொண்டு நடந்து போகிறவர் நாய்ப் பழக்குநர். தோட்டா நிரப்பிய இரண்டு துப்பாக்கிகள் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. பதினைந்து காடைகள் அவர் காலடியிலிருந்து வெடிக்கின்றன. பின்னால் இருப்பவர் நேற்றுத்தான் முதன்முதலாகத் துப்பாக்கி பிடித்த ஒரு வங்கி முதலாளியாகவும் இருக்கலாம். எண்ணிப் பாருங்கள், அவருடைய மனைவி அன்றைக்கு வீட்டில் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்?

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2006 பிப்ரவரி 11ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தில் காடை வேட்டை நடந்தது. அப்போதைய துணை அதிபர் டிக் சேனி, கிளம்பிய ஒரு பறவையைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார். விழுந்த பறவையைத் தேடிப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த ஹாரி விட்டிங்டன் என்ற 78 வயது வழக்கறிஞரின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவைகள் பாய்ந்தன. அது 28ஆம் எண் துப்பாக்கி, சிறியதிலும் சிறியது. ஆரஞ்சு நிறச் சட்டையும் அவர் போட்டிருந்தார். ஒரு ரவை இதயத்தருகே சென்று மாரடைப்பையும் உண்டாக்கியது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார், 2023இல் தம் 95ஆம் வயதில்தான் மறைந்தார். நாட்டின் துணை அதிபருக்கே அந்தத் தவறு நேர்ந்தது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பறவைக்கும் துப்பாக்கிக்கும் பின்னணியில் வானம் தெரிந்தால் மட்டும் சுடு, தாழப் பறப்பதை விட்டுவிடு என்பது அங்கே பழக்குநர்கள் முதலில் சொல்லித்தரும் பாடம். தாழப் பறக்கும் பறவைக்குப் பின்னால் நாய் இருக்கும், அல்லது அவரே இருப்பார்.

தாமஸ்வில் தோட்டங்களில் இந்தப் பழக்குநர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினத்தவர்கள். எந்த நாய்க்கு எந்தக் குணம், எந்தப் புதரில் எத்தனை மணிக்கு எந்தக் கூட்டம் இரை தேடும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். போட்டிகளிலும் அப்படித்தான். கண்ணுக்கெட்டாத தூரத்தில் போய் நின்றுவிட்ட நாயைக் குதிரைமேல் தேடிக் கண்டுபிடித்துத் தொப்பியை உயர்த்திக் காட்டுகிறவர், பெரும்பாலும் ஒரு கறுப்பினத் தொழிலாளி. கோப்பையில் பொறிக்கப்படுவது நாயின் பெயரும் உடைமையாளரின் பெயரும்.

இதில் இன்னும் ஆழமான விஷயம் ஒன்று உண்டு. 1924இல் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவரை அரசாங்கம் அங்கே அனுப்பியது. காடைகள் குறைகின்றன, காரணம் கண்டுபிடி என்று தோட்ட முதலாளிகள் பணம் போட்டிருந்தார்கள். ஸ்டாடர்ட் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். அருங்காட்சியகத்தில் செத்த பறவைகளைப் பதப்படுத்தி வைக்கும் தொழில் பார்த்தவர். ஆனால் கண்ணும் காதும் கூர்மை. அந்த நிலத்து மக்கள் ஆண்டுதோறும் குளிர்காலக் கடைசியில் பைன் காட்டின் அடிப்புல்லுக்குத் தீ வைப்பதைப் பார்த்தார். வனத்துறையோ, தீ என்றாலே பாவம் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தது. ஸ்டாடர்ட் ஆராய்ந்து பார்த்தார். மக்கள் செய்வதே சரி என்று கண்டார். எரித்த இடத்தில்தான் காடைக்கு இரையாகும் விதைச்செடிகளும் பூச்சிகளும் பெருகுகின்றன; எரிக்காவிட்டால் புதர் மண்டிக் காடை ஓடிவிடுகிறது. தீயைப் பற்றிய பகுதியை மேலிடம் ஒப்புக்கொள்வதற்காகப் பலமுறை திருத்தி எழுதி, 1931இல் தம் பெரிய நூலை வெளியிட்டார். (இதைப் படித்துவிட்டு யாரும் இங்கே புல்லுக்குத் தீ வைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றம்.)

ஏழைக் குத்தகைக்காரர்களின் சின்னஞ்சிறு வயல்களும், வேலியோரக் களைச்செடிகளும், கையால் அறுத்ததில் சிந்திய தானியமும்தான் காடைக்கு வீடாக இருந்தன. பிற்பாடு டிராக்டர் வந்தது. குத்தகைக்காரர்கள் நிலத்தை விட்டு நகரங்களுக்குப் போனார்கள். வேலிகள் அழிந்து வயல்கள் ஒன்றாயின. அவர்கள் போன பின்னால் காடையும் போயிற்று. 1960களிலிருந்து அமெரிக்கா முழுவதும் பாப்-ஒயிட் மிகப் பெரும்பகுதி குறைந்துவிட்டது. தாமஸ்வில் பக்கத்துத் தோட்டங்களில் மட்டும், பகுதி பகுதியாக எரித்துப் பேணுவதால், இன்றும் காட்டுக் காடை மிஞ்சியிருக்கிறது. மற்றப் பல இடங்களில் பண்ணையில் வளர்த்த காடையைத்தான் வேட்டைக்கு முன்னால் விடுகிறார்கள். அதன் பறப்பில் அந்த வெடிப்பு இராது. நல்ல நாய் அதை முகர்ந்துவிட்டு, 'இதற்கா என்னை அழைத்து வந்தாய்' என்பதுபோல் பார்க்குமாம்.

இங்கே மலேசியாவில் துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்; காட்டுப் பறவைகளுக்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் இருக்கிறது. ஆகவே கருப்பனைப் பழக்கி வேட்டைக்குப் போகலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும், வேட்டைக்காலம் தொடங்கும் முன், அந்தச் செம்மண் மேடுகளில் காடைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்குத் துப்பாக்கியும் இல்லை, நாயும் இல்லை. நம் தோட்டங்களில் பெரட்டுக்கு ஆள் கூடும் அந்த இருட்டு நேரத்தில், ஒவ்வொரு மேட்டிலும் ஒருவர் கையில் ஒரு தாளோடு தனியாகப் போய் நிற்பார். சூரியன் எழுவதற்குச் சுமார் இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு முன், வட்டமாக உறங்கிய காடைக்கூட்டம் விழித்து, கலைவதற்கு முன்னால் ஒரு குரல் கொடுக்கும். பக்கத்துக் கூட்டம் பதில் கொடுக்கும். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். அதற்குள் எந்தத் திசையில் எத்தனை குரல் என்று அவர் தாளில் புள்ளி வைத்துவிட வேண்டும். ஒரு குரலுக்கு ஒரு கூட்டம்.